பாத்திரம் நடக்க மறுக்கிறதா? குறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கதை எழுதத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "நடந்தான் என்பதற்கு வேறு சொற்கள் ஒரு பட்டியலாகக் கிடைக்குமா?" பட்டியல் கொடுக்க எனக்கும் ஆசைதான், தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டிய சொல் அடுத்த வாசிப்பிலேயே உதிர்ந்துவிடுகிறது. எங்கே கோளாறு என்று பார்க்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் எப்படிச் சரியாகும்? அதனால்தான் இதைக் கோளாறுகளின் வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கதையில் ‘நட’ வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கணினியில் என்றால் தேடினாலே வந்து நிற்கும். ‘கூட்டம் நடந்தது’, ‘கடை நடத்தினார்’ போன்றவற்றை விட்டுவிடுங்கள். அப்புறம் கீழே எந்தக் குறி பொருந்துகிறதோ அங்கே போங்கள். முதல் குறியை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுவது நல்லது.

குறி 1: ஒரே பக்கத்தில் ஐந்தாறு ‘நடந்தான்’

நாம் பேசும்போது ‘நடந்து’ என்ற சொல்லை எப்போது எடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "பஸ் வரல, நடந்தே வந்துட்டேன்." "இந்த வெயில்ல நடந்தா வந்தே?" நம் வாயில் அந்தச் சொல் வந்தால் வண்டி இல்லை என்று பொருள். வீட்டுக்குள் யாரும் நடப்பதில்லை. வருகிறார்கள், போகிறார்கள், நுழைகிறார்கள், எழுந்துபோகிறார்கள், படியேறுகிறார்கள். ‘அவள் அறைக்குள் நடந்து வந்தாள்’ என்ற வரி உறுத்துவதற்கு இதுதான் காரணம். அறைக்குள் வேறு எதில் வருவாள்? ‘அவனை நோக்கி நடந்தாள்’ என்பதும் அப்படித்தான். ஆங்கில நாவல்களை நிறையப் படித்த கை எழுதிய வரி அது. தமிழில் ‘அவனிடம் வந்தாள்’, ‘அவன் கிட்டே போனாள்’.

சரிசெய்வது எளிது. ‘முத்தையா நாற்காலியிலிருந்து எழுந்து, கதவை நோக்கி நடந்து சென்று, கதவைத் திறந்தான்’ என்று இருந்தால் ‘முத்தையா எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்’ என்று ஆக்குங்கள். என் அனுபவத்தில், வட்டமிட்டவற்றில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே அழிந்துவிடும்.

அழிக்கக் கூடாத இடமும் உண்டு. நடப்பதே செய்தியாக இருக்கும்போது அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். ‘அப்பா இன்று வராந்தா வரை நடந்தார்.’ ‘பாப்பா நடந்துட்டா!’ இவற்றில் ‘நட’ தன் முழு எடையோடு நிற்கிறது. மற்ற இடங்களில் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தால்தான் இங்கே அது வேலை செய்யும்.

குறி 2: ‘மெதுவாக’, ‘வேகமாக’, ‘சோகமாக’ ஒட்டிக்கொண்டிருக்கிறது

‘மெதுவாக நடந்தார்’ என்பது பிழையான வரி இல்லை. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்ட வரி. அவரை நிறுத்தி, "ஏன் மெதுவாக?" என்று கேளுங்கள். உள்ளங்காலில் முள் குத்தியிருந்தால் தாங்கித் தாங்கி வருவார். ஒரு காலை ஊன்றவே முடியாவிட்டால் கெந்திக் கெந்தி வருவார். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் அடிமேல் அடி வைப்பார். போக மனமில்லாதவர் வழியில் உள்ள சுவரொட்டிகளையெல்லாம் படித்துக்கொண்டு போவார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் உலாத்துவார். ஐந்து பேரும் மெதுவாகத்தான் போகிறார்கள். ‘மெதுவாக’ என்று எழுதினால் ஐந்து பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இந்த இடத்தில் நான்கு வினைச்சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போட முடியாது.

அலைவதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும், அது கிடைக்காமலும் இருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்காக அலைவோம், வாடகை வீட்டுக்காக அலைவோம். திரிவதற்குத் தேவை எதுவும் வேண்டாம். ஆனால் சொல்கிறவர் குரலில் ஒரு குறை ஏறிக்கொள்ளும்: "வேலைவெட்டி இல்லாமத் திரியறான்." ஆகவே வேலை தேடும் இளைஞனை அவன் அம்மா ‘அலையறான்’ என்பாள், பெரியப்பா ‘திரியறான்’ என்பார். ஒரே தெரு, ஒரே கால்கள். சொல்லை மாற்றினால் யார் பார்க்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது. உலாத்துவதற்கு எல்லை வேண்டும். மொட்டை மாடி, வராந்தா, ரயில் நிலைய நடைமேடை என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப வேண்டும், மனதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உலாவுவதில் அந்தப் பாரம் இல்லை. காற்று வாங்கப் போகிறவர் உலாவுகிறார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவி கடற்கரையில் ‘உலாவினாள்’ என்று ஒரு கதையில் படித்தேன். அந்த ஒரு சொல்லில் அவளுடைய பதற்றம் முழுவதும் காணாமல் போயிருந்தது.

பக்கத்து ஊருக்குப் ‘பொடிநடையாகப் போய்விடலாம்’ என்கிறபோது தூரம் குறைவு, அவசரமும் இல்லை. சாப்பிட்டபின் ‘காலாற’ப் போய்வருகிறோம். இவை இரண்டும் நல்ல சொற்கள், இப்போதைய கதைகளில் ஏனோ அரிதாகிவிட்டன. எல்லோரும் வாக்கிங் போகிறார்கள். காலையில் ஷூ மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிறவருக்கு ‘வாக்கிங்’ சரியான சொல்தான், மாற்ற வேண்டாம். இரவு வெற்றிலை வாங்கப் போகும் தாத்தாவுக்கு அது ஒட்டாது.

‘வேகமாக’ இருந்தால், எவ்வளவு வேகம் என்று பாருங்கள். நடையில் எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கணம் இரண்டு காலும் அந்தரத்தில் நிற்கும். வேகநடைப் போட்டிகளில் நடுவர்கள் கண்ணால் கவனிப்பதும் இந்த எல்லையைத்தான். இந்த எல்லையைத் தாண்டித் தாண்டித் திரும்புவதற்கு நம்மிடம் அருமையான தொடர் ஒன்று இருக்கிறது: ஓட்டமும் நடையுமாக. புறப்படப்போகும் பஸ்ஸைப் பிடிக்க, கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அவசரம் அவ்வளவு இல்லையென்றால் ‘நடையை எட்டிப் போட்டாள்’. ‘நடையைக் கட்டினாள்’ என்பதை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது இடத்தை விட்டுக் கிளம்புவதைச் சொல்வது, வேகத்தை அல்ல.

‘சோகமாக’, ‘கோபமாக’ போன்றவற்றுக்கு மாற்றுச்சொல் தேடாமல் அடித்துவிடுங்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார் என்றால் போதும்.

குறி 3: ‘கனத்த காலடிகளுடன்’, ‘தயக்கமான அடிகளுடன்’ என்று வரி இறுகிக் கிடக்கிறது

இலக்கணத்தில் பிழை இருக்காது. ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் அந்நியமாக ஒலிக்கும். காரணம், தமிழில் இந்த மாதிரி நேரங்களில் மனிதர் எழுவாயாக இருப்பதில்லை, கால்தான் எழுவாய். நடக்க மறுப்பதும் பயப்படுவதும் சந்தோஷப்படுவதும் எல்லாமே கால்தான்.

போக மனமில்லை என்றால் ‘கால் வரவில்லை’. துக்கத்தில் ‘கால் எழவில்லை’. பயத்தில் ‘கால் பின்னியது’. அளவு மீறிய மகிழ்ச்சியில் ‘கால் தரையில் பாவவில்லை’. வரிசையில் நின்று நின்று ‘கால் கடுத்தது’. உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ‘கால் கூசியது’. எங்கே போவதென்றே தெரியாமல் கிளம்பியவன் ‘கால் போன போக்கில்’ போகிறான். திருமணமான மகளை விட்டுவிட்டுத் திரும்பும் தகப்பனைப் பற்றி ‘கனத்த காலடிகளுடன் வாசலைக் கடந்தார்’ என்று எழுதியிருந்தார் ஒரு நண்பர். ‘செருப்பைப் போட்டுக்கொண்டார். வாசல் தாண்டக் கால் வரவில்லை’ என்று மாற்றினோம். சொன்னது அதே விஷயம்தான். ஆனால் இப்போது அது அவருடைய சொந்த அப்பாவாகிவிட்டதாகச் சொன்னார்.

குறி 4: எல்லோரும் ‘விறுவிறுவென்று’ போகிறார்கள்

இரட்டைக்கிளவி நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. ‘இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்திசையா’ என்று தொல்காப்பியம் சொல்வதுபோல், பிரித்தால் பொருள் போய்விடும். ஆனால் சேர்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உடம்பு உண்டு. அந்த உடம்பைப் பார்க்காமல் எடுத்தால்தான் கோளாறு.

விறுவிறுவென்று போகிறவருக்கு ஒரு காரியம் இருக்கிறது. விடுவிடுவென்று போகிறவர் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் கோபம். குடுகுடுவென்று வருவதற்குக் குட்டை எட்டுகள் வேண்டும்: சின்னக் குழந்தை, அல்லது சுறுசுறுப்பான வயதானவர். ஆறடி ஆளைக் குடுகுடுவென்று வரவைக்க முடியாது. தடதடவென்று என்றால் மரப்படியோ தகரமோ, அதிரக்கூடிய ஏதாவது கீழே இருக்க வேண்டும். திமுதிமுவென்று ஒருவர் தனியாக நுழைய முடியாது, கூட்டம் வேண்டும். அதே கூட்டம் ஒழுங்காக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தால் சாரைசாரையாக.

இவை போக, காலுக்கும் தரைக்கும் நடுவே பிறக்கும் ஒலிகள் இருக்கின்றன. நனைந்த ரப்பர் செருப்பு ‘சளக்சளக்’ என்கும். காய்ந்த சருகில் ‘சரக்சரக்’. சிமென்டுத் தரையில் குதிகால் உயர்ந்த செருப்பு ‘டக்டக்’. ஆகவே ஒலிக்குறிப்பை எழுதுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகள்: தரை என்ன? காலில் என்ன? இரண்டுக்கும் விடை தெரியாவிட்டால் காட்சியை நீங்களே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அகராதியை மூடிவிட்டுக் காட்சிக்குத் திரும்புங்கள். இன்னொன்று, ஒரு பக்கத்துக்கு ஓர் இரட்டைக்கிளவி போதும். மூன்று வந்தால் கதை தாளம் போட ஆரம்பித்துவிடும்.

குறி 5: பெண்களுக்கு அன்னநடை, ஆண்களுக்கு வீறுநடை

அன்னத்தையும் சிங்கத்தையும் நாம் பார்த்து எழுதவில்லை, கேட்டு எழுதுகிறோம். அதனால் வாசகருக்கும் எதுவும் தெரிவதில்லை. பழைய உவமையே கூடாது என்பதல்ல நான் சொல்வது. கம்பன் சூர்ப்பணகையை அழகியாக உருமாற்றி இராமன் முன் கொண்டுவரும் இடத்தைப் பாருங்கள். மயில், அன்னம், மின்னும் வஞ்சிக்கொடி என்று வழக்கமான உவமைகளையே அடுக்கிக்கொண்டு போகிறான். கடைசியில் ‘நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்’ என்கிறான். அதுவரை அழகாக அசைந்து வந்த ஒவ்வொரு உவமைக்குள்ளும் அந்த ‘நஞ்சம்’ பின்னோக்கி ஊறிவிடுகிறது. பாடல் முழுக்க ‘ஞ்ச’ என்ற ஓசை அடிவைத்து வருவதையும் கேளுங்கள், நடையைக் காட்டுவது அந்த ஓசைதான். வினைச்சொல்லோ வெறும் ‘வந்தாள்’.

அதைச் செய்ய முடியாதபோது என்ன வழி? உங்கள் பாத்திரம் எதைச் சுமக்கிறது, எதை மிதிக்கிறது என்று பாருங்கள். நடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

இடுப்பில் நிறைகுடம் இருந்தால் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், வெறுங்கை வெளியே வீசும். கனம் தலையில், சும்மாட்டின் மேல் இருந்தால் நேர் எதிர்: கழுத்து அசையாது, பார்வை கீழே போகாது, முழங்கால் லேசாக மடங்கிக் குறுகிய எட்டுகளாக விழும். அந்தப் பெண்ணிடம் வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைத் திருப்ப மாட்டாள், முழு உடம்பையும் திருப்புவாள். ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் கால்களை அகட்டி, இருக்கைக் கம்பியில் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து வருவார், இரண்டு கைகளும் டிக்கெட்டுக்கு வேண்டுமே. வரப்பில் போகிறவர் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைக்கிறார். கடல்மணலில் குதிகால் புதையும், கட்டைவிரல் மணலைக் கவ்வும், கெண்டைக்கால் சீக்கிரம் வலிக்கும். சித்திரை மாத மதியத்தில் கோயில் பிரகாரத்துக் கல்தரையில் எவ்வளவு கம்பீரமான மனிதரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை பூசிய பட்டையைத் தேடி ஓடுவார்.

இவற்றில் ஒன்றைச் சரியாக எழுதிவிட்டால் ‘ஒயிலாக’, ‘கம்பீரமாக’ எல்லாம் தேவைப்படாது.

குறி 6: வயதானவர், நோயாளி, குடித்தவர் எல்லோரும் ‘தள்ளாடி’ வருகிறார்கள்

இந்தக் குறியில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் அப்பாவுக்கு ஒருபக்கம் வாதம் வந்தபிறகுதான் எனக்கே இது புரிந்தது. அவர் தள்ளாடவில்லை. வராத காலை நேராக முன்னே வைக்க முடியாமல், பக்கவாட்டில் அரைவட்டம் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அந்தப் பக்கத்துக் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வாசலில் போட்ட கோலத்தின் ஓரத்தில் அந்த அரைவட்டம் பதிந்திருக்கும். அம்மா அதை அழிக்காமல் அப்படியே விட்டுவைப்பாள். எந்த அகராதியிலும் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் போதும்.

பார்கின்சன் நோய் உள்ளவர் வேறு மாதிரி. பாதம் தரையை விட்டு எழாமல் தேய்ந்து தேய்ந்து வரும், எட்டுகள் சின்னதாக இருக்கும், உடம்பு முன்னே குனியும், கைகள் வீசாது. திரும்புவதற்கே பல சிற்றடிகள் வேண்டும். கதவு நிலைக்கு வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர் வலிக்கிற காலில் அதிக நேரம் நிற்க மாட்டார், சட்டென்று நல்ல காலுக்கு மாறிவிடுவார். படியில் இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் இறக்கி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துக்கொள்வார். கண் மங்கியவர் காலால் துழாவுவார். ‘தள்ளாடு’ என்பதை நிலை தவறுகிறவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போதையில் இருப்பவருக்கு அது சரி, காய்ச்சலில் நாலு நாள் கிடந்து எழுந்தவருக்கும் சரி.

‘நொண்டு’ என்பதிலும் கவனம் வேண்டும். கல் தடுக்கிய சிறுவன் நொண்டிக்கொண்டு வரலாம். நிரந்தரமாக மாற்றுத்திறன் உள்ள ஒருவருக்கு அந்தச் சொல்லைக் கதைசொல்லியின் குரலில் ஒட்டாதீர்கள், ஊர் அதை ஏற்கெனவே போதுமான அளவு சொல்லிவிட்டது. கதைக்குள் ஒரு பாத்திரம் அப்படிப் பேசுகிறது என்றால் அது அந்தப் பாத்திரத்தின் குணம்.

குறி 7: ‘நெடுந்தூரம் நடந்தார்கள்’ என்று எழுதியும் தூரம் தெரியவில்லை

தூரத்தைப் பெயரடையால் காட்ட முடியாது. வழியில் மைல்கற்களை நட வேண்டும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் போனாலும் மூன்றரை மணி நேரம், நின்று கும்பிட்டுப் போனால் இன்னும் கூடும். அந்த வழியில் எட்டு லிங்கங்கள் இருப்பது எழுத்தாளருக்குப் பெரிய வசதி. இந்திரலிங்கத்தில் பேச்சும் சிரிப்புமாக இருந்தவர்கள், யமலிங்கத்தில் தண்ணீர் கேட்கட்டும். வருணலிங்கத்தில் பேச்சு நிற்கட்டும். குபேரலிங்கத்தில் ஒருத்தி உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கட்டும். ஈசான்யலிங்கம் வரும்போது வாசகருக்கும் கால் கடுக்கும்.

அலுவலகத்துக்கு அலைகிற தூரம் வேறு. அதைக் கிலோமீட்டரில் அளக்க மாட்டோம், ‘நடை’யில் எண்ணுவோம்: "இதோட நாலு நடை ஆச்சு." நடையாய் நடந்தும் காரியம் ஆகவில்லை என்கிறபோது தூரமும் காலமும் அவமானமும் ஒரே தொடரில் வந்துவிடுகின்றன.

குறி 8: உரையாடலில் எல்லா ஊர்க்காரரும் ‘மெதுவா வா’ என்கிறார்கள்

திருநெல்வேலிப் பக்கம் ‘பைய வா’. யாழ்ப்பாணத்தில் ‘ஆறுதலா வாங்கோ’, அவசரம் என்றால் ‘கெதியா வா’. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘வெரசா வா’, ‘சுருக்கா வா’. பாத்திரத்தின் ஊரை முடிவு செய்துவிட்டு எடுங்கள், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பல குறிகள் ஒரே வரியில் இருந்தால்

அப்படி ஒரு வரி அண்மையில் வந்தது: ‘கனகா சோகமாக, கனத்த காலடிகளுடன், மெதுவாகத் தன் வீட்டை நோக்கி நடந்தாள்.’ கனகா வாரிசுச் சான்றிதழுக்காக அலுவலகம் போய்விட்டுத் திரும்புகிறாள் என்பது கதையில் முன்பே இருந்தது. எழுதியவரும் நானும் உட்கார்ந்து, தரை என்ன, காலில் என்ன, கையில் என்ன, இது எத்தனையாவது நடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் வந்தது இது:

‘ஐந்தாவது நடை. இன்றும் கையெழுத்து ஆகவில்லை, ஒரு மணி பஸ்ஸும் போய்விட்டது. பாலம் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி, காகிதப் பையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தார் சுட்டது. நிழலுக்கு நிழல் எட்டி வைத்து, தெருமுனைப் புளியமரம் வரை வந்துவிட்டாள். திண்ணையில் மாமியார் எழுந்து நிற்பது தெரிந்தது. அதற்குமேல் கால் வரவில்லை.’